டாலிபோங்கின் கறுப்பு

முரட்டு உப்புத்தாளில் ஆரம்பித்து, நடுத்தரத்துக்கு இறங்கி, இப்போது மாவு போன்ற மெல்லிய தாளுக்கு வந்திருந்தான் ரோடெல். கொல்லையில் அடிபம்புக்குப் பக்கத்தில் ஒரு பலகையைப் போட்டு, அதன்மேல் வாளைக் கிடத்தி, பலகை நகராமல் ஒரு காலால் மிதித்துக்கொண்டு, முனையிலிருந்து பிடிவரை ஒரே சீராக இழுத்தான். கறுப்புத் தண்ணீர் ஓடி வாழை மரத்தடியில் தேங்கியது. ஒரு பக்கம் முழுக்க வெளுத்துவிட்டது. மறுபக்கத்தில் முதுகை ஒட்டிக் கொஞ்சம்தான் பாக்கி.

படிப்பு முடிந்த நாளிலிருந்து அவனுக்குக் கப்பல்தான் பிழைப்பு. கப்பலில் அவன் பார்ப்பதும் ஒரே வேலைதான். துருவைச் சுரண்ட வேண்டும், பெயின்ட் அடிக்க வேண்டும். அடித்தது காய்வதற்குள் இன்னொரு பக்கம் துரு எட்டிப் பார்க்கும். கடல் ஒரு பக்கம் தின்ன, இவன் ஒரு பக்கம் சுரண்ட, கப்பல் எப்படியோ ஊர் சுற்றிக்கொண்டிருந்தது. துருப்பிடித்த இரும்பைக் கண்டால் சும்மா தாண்டிப் போக அவனால் முடியாது. கோயில் கேட்டாக இருந்தாலும் நகத்தால் ஒரு கீறு கீறிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவான்.

அப்பாவுக்கு இனி மருந்து இல்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். அக்கா கில்டா போனில் அதைச் சொன்ன வாரமே அவன் கிளம்பி வந்துவிட்டான். வந்து என்ன பிரயோசனம்? கஞ்சிக் கிண்ணத்தை எடுத்தால், "சிந்திருவ, குடு" என்று கில்டா வாங்கிக்கொள்வாள். அப்பாவைப் புரட்டிப் படுக்க வைக்கப் போனால், "மூட்டைய உருட்டற மாதிரி உருட்டாத" என்பாள். தைலம் தேய்ப்பதும் அவள்தான், துணி மாற்றுவதும் அவள்தான். ரோடெல் கட்டில் காலைப் போல ஒரு மூலையில் நின்றான்.

அன்று காலை கட்டிலுக்கு அடியில் விழுந்த மாத்திரையைத் தேடியபோதுதான், தலையணை உறையில் சுற்றிய அந்த வாள், இந்தத் தீவுக்காரர்கள் டாலிபோங் என்று சொல்வது, கையில் தட்டுப்பட்டது. எருமைக் கொம்பில் செதுக்கிய பிடி, நிலவை விழுங்க வாயைப் பிளந்த கடல்பாம்பின் தலை. உருவிப் பார்த்தால் அடுப்பில் கிடந்த சட்டி மாதிரிக் கன்னங்கரேலென்று இருந்தது. அப்பா கண் விழிக்கும்போது இது பளபளவென்று முன்னால் இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தான். ஊருக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாக அவனுக்கு உற்சாகம் வந்தது.

"என்னடா பண்ற?"

பிடியோங் மாமா நின்றிருந்தார். கையில் சூடான பன் பொட்டலம். சண்டைச் சேவல் வளர்ப்பவர். அப்பாவுக்கு வயது ஒத்த சிநேகிதர். அப்பா முடி திருத்தும் கடை வைத்திருந்த காலத்தில், முடி வெட்டிக்கொள்ள வரும் மலைக்காட்டு ஆட்கள் எந்த வீட்டுக் கூரையில் எந்தப் பழைய வாள் செருகியிருக்கிறது என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போவார்கள். ஞாயிற்றுக்கிழமை இந்த இரண்டு பேரும் மாமாவின் மூன்று சக்கர வண்டியில் ஏறிப் போய், புது வெட்டுக்கத்தியைக் கொடுத்துப் பழையதை வாங்கி வருவார்கள்.

"வாங்க மாமா. எப்பிடி இருக்கு பாருங்க" என்று ரோடெல் வாளைத் தூக்கி வெயிலில் காட்டினான்.

மாமா பார்த்தார். கவிழ்த்து வைத்திருந்த வாளியைக் காலால் இழுத்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

"இது எங்க இருந்துச்சு?"

"அப்பா கட்டிலுக்கு அடியில. தலையணை உறையில சுத்தி."

"சுத்தித்தான வெச்சிருந்தான். எதுக்குப் பிரிச்ச?"

"ஒரே துரு மாமா."

"துரு செவப்பா இருக்கும். இது கறுப்பு. துருவுக்கும் கறுப்புக்கும் வித்தியாசம் தெரியாதா உனக்கு? என்னத்தடா கத்துக்கிட்ட கப்பல்ல?" மாமா குரலை உயர்த்தவில்லை. "அந்தக் கறுப்பு எங்க இப்ப?"

ரோடெல் வாழை மரத்தடியைக் காட்டினான். மாமா அந்தக் குட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இரும்பு எங்க வேணாலும் கிடைக்கும். கறுப்புதான் கிடைக்காது. உங்கப்பனுக்கு முன்னாடி அது யார் யார் கையில இருந்துச்சோ, அத்தன பேரு கை எண்ணெயும் அதுல ஊறியிருந்துச்சு. இளநீர்க் கறை, அடுப்புப் புகை, வேற என்ன கறையோ, அது நமக்குத் தெரியாது. அதத்தான் இவ்வளவு பேரு தேடித் தேடி அலையறோம். நீ தண்ணி ஊத்திக் கழுவி விட்டுட்ட."

ரோடெல் கையிலிருந்த தாளை என்ன செய்வதென்று தெரியாமல் நாலாக மடித்தான்.

துணி அலச வந்த கில்டா இரண்டு பேரையும் பார்த்தாள், பிறகு வாளைப் பார்த்தாள். அவள் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"இதயா தேச்ச?"

"அக்கா, எனக்குத் தெரியாது. மத்ததெல்லாம் எங்கன்னும் தெரியல, இது ஒண்ணுதான் இருந்துச்சு..."

"மத்ததெல்லாம் போன மாசமே குடுத்துட்டாரு. எந்திரிச்சு உக்கார முடிஞ்சப்பவே ஒவ்வொருத்தரா வரச்சொல்லி, பிடிய வாங்கறவங்க பக்கம் திருப்பி, கூரத் தன் பக்கம் வெச்சு, கையில குடுத்தாரு. கையில குடுக்காத வாள் வெறும் இரும்புன்னு சொல்லுவாரு இல்ல. மாமாவுக்குக்கூட ஒண்ணு. இத மட்டும் யாருக்கும் குடுக்கல. டவுன் வக்கீல் அட்டர்னி எவ்வளவோ கேட்டுப் பாத்தாரு. தோதோ வரட்டும், அவனுக்குன்னுட்டாரு."

தோதோ என்றால் பையன். நரை விழுந்தாலும் இந்த வீட்டில் ரோடெல் தோதோதான்.

வலிய வந்து தன் சொத்தைத் தானே அழித்துக்கொண்டோமே என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. இதைப் பார்த்துவிட்டா அப்பா கண்ணை மூட வேண்டும் என்பது ஒன்றுதான் நெஞ்சில் அடித்தது. சாகப்போகிறவருக்கு மகன் கொண்டுவந்த பரிசு இது.

"அவனுக்குத் தெரிய வேணாம்" என்றார் பிடியோங். "கண்ணு மங்கிப்போச்சு அவனுக்கு. எனக்குக் குடுத்ததும் கொம்புப் பிடிதான், அதே பாம்புத் தலைதான். நான் போய் எடுத்துட்டு வரேன். அதக் கையில வாங்கிக்கோ. அவன் நிம்மதியாப் போகட்டும்."

"பொய்யில்ல அது?" என்றாள் கில்டா.

"பொய்தான். பாதிரியார்கிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்று மாமா வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

பிற்பகலில் அப்பா விழித்தார். மஞ்சள் பூத்த கண்கள் மின்விசிறியைப் பார்த்தன, கில்டாவைப் பார்த்தன, பிறகு ரோடெலிடம் வந்து நின்றன. பெயர் அன்செல்மோ. ஊரில் பாதிப்பேருக்கு முதல் மொட்டை போட்டவர். இப்போது அவர் தலையிலேயே நாலு முடிதான் இருந்தது.

"கட்டிலுக்கு அடியில ஒண்ணு இருக்கு" என்றார். "எடு."

ரோடெல் குனிந்து எடுப்பதுபோல் எடுத்தான். மாமாவின் வாள். வாசல் திரைக்கு அந்தப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மாமாவின் கால் அடியில் தெரிந்தது. வாளுறை இரண்டு மெல்லிய மரத்துண்டுகளைச் சேர்த்துப் பிரம்பால் கட்டியது. அதைச் சுற்றிப் பிடித்தால் கூர் பிரம்புக் கட்டை அறுத்துக்கொண்டு வந்து விரலைக் கேட்கும் என்று சின்ன வயதில் வாங்கிய திட்டு மறக்காததால், முதுகுப் பக்கமாகவே பிடித்து நீட்டினான்.

அப்பா வாளை உருவவில்லை. மார்பின்மேல் கிடத்தி, பிடிக்குக் கீழே ஒரு விரலைக் கொடுத்து லேசாகத் தூக்கினார். அவ்வளவுதான்.

"பிடியோங் செத்துட்டானா?" என்று கேட்டார்.

கில்டா திரையைப் பார்த்தாள்.

"அவனுக்குக் குடுத்தது இங்க வந்திருக்கே. பிடி வெடிச்சதுன்னு ஈயம் ஊத்தினது நான்தான். பின்னால இழுக்குது பாரு."

"இன்னும் சாகல" என்றார் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பிடியோங்.

"அப்ப உள்ள வா. திருட்டுப் பூனை மாதிரி என்ன அங்க." அப்பா மூச்சு வாங்கினார். "என்னோடது எங்க?"

கில்டா தம்பியைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையசைத்தாள். ரோடெல் கொல்லைக்குப் போனான். பலகையின்மேல் வாள் கிடந்தது. இப்போது பளபளப்பைப் பார்க்க அவனுக்கே கூசியது. வீட்டைச் சுற்றித் தெருப்பக்கமாக ஓடிப்போய்விடலாமா என்றிருந்தது. உறையைத் தேடி எடுத்து அதில் செருகப் போனவன், அதுவும் ஒரு மறைப்புதானே என்று அப்படியே வெறும் வாளாகவே கொண்டுபோய் அப்பாவின் பக்கத்தில் போர்வைமேல் வைத்தான்.

அப்பாவின் கை வாளைத் தேடி வந்தது. சவரம் முடிந்த கன்னத்தைத் தடவிப் பார்ப்பது போல விரல்களின் பின்புறத்தால் ஒரு தடவை மேலிருந்து கீழே தடவினார். கை நின்றது. மறுபடியும் தடவினார்.

"யாரு?"

"நான்தாம்ப்பா."

"எதுல?"

"உப்புத்தாள்ல. முரட்டுத்தாள்ல ஆரம்பிச்சு..."

"குறுக்கயா, நெடுக்கயா?"

"நெடுக்கப்பா."

"கூர எடுத்துட்டியா?"

"இல்லப்பா. கூர்ல கைவைக்கல."

அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மின்விசிறி ஒரு பக்கமாகப் போய்த் திரும்பி வந்தது. பக்கத்து வீட்டில் யாரோ பாட்டுப் பெட்டியை வைத்துக் கட்டைக் குரலில் காதல் பாட்டுப் பாடினார்கள். பிடியோங் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். கில்டா தண்ணீரில் நனைத்த பஞ்சை அப்பாவின் உதட்டில் வைத்தாள். அதைச் சப்பிவிட்டு அவர் திரும்பினார்.

"எனக்கு வருத்தம்தான், தோதோ. இல்லைன்னு சொன்னா பொய்."

"தெரியும்ப்பா."

"அது என்கிட்ட வந்தப்ப உன் வயசு எனக்கு. ஒரு நாள் விடாம பாத்திருக்கேன்."

ரோடெல் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"கிழவனப் புடிச்சு மொட்டை போட்டு விட்டுட்ட." அப்பாவின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. அது சிரிப்பு என்று புரிய மற்றவர்களுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "நல்லாத்தான் போட்டிருக்க. வெட்டுக்காயம் ஒண்ணு இல்ல. என் கடையிலயே உக்கார வெச்சிருக்கலாம் உன்ன. தேவையில்லாம கப்பலுக்கு அனுப்பிட்டேன்."

"கறுப்பு திரும்ப வளர நூறு வருஷம் ஆகும்" என்றார் பிடியோங், மனசு ஆறாமல்.

"ஆகட்டும். உனக்கென்ன, நீ இருந்து பாக்கப் போறியா?"

பிறகு அவர் வாளைத் திருப்ப முயன்றார். பிடி மகன் பக்கம் வர வேண்டும். கை எழும்பவில்லை. ரோடெல் தானே பிடியைத் தன் பக்கம் திருப்பி அதைப் பற்றிக்கொண்டான். அப்பா உள்ளங்கையை வாளின்மேல் வைத்து அழுத்தினார். மகன் கையில் வாளைத் தள்ளப் பார்த்தாரா, இன்னும் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ளப் பார்த்தாரா என்று சொல்ல முடியாது.

"கைய எடு அன்செல்மோ. வேர்வ படுது" என்றார் பிடியோங். வெறும் வாளில் விரல் வைத்தவன் எவனாக இருந்தாலும் அப்பாவிடம் தப்பியதில்லை. ஊர்த் தலைவரையே ஒருமுறை கடையை விட்டு வெளியே அனுப்பியிருக்கிறார்.

"நீ சொல்லிக் குடு எனக்கு" என்றார் அப்பா. கண்ணை மூடிக்கொண்டார். கையை எடுக்கவில்லை.

அப்படியே தூங்கிப்போனார். வெயில் இறங்கும்வரை ரோடெல் பிடியை விடாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். துணி மாற்ற வந்த கில்டா, அப்பாவின் கையைத் தூக்கிப் போர்வைக்குள் வைத்தாள். "எடுத்துட்டுப் போடா, குத்திடப் போகுது" என்றாள். அவன் அவசரமாக உறையில் செருகி அலமாரி மேல் வைத்தான். அப்பா அதற்குப் பிறகு விழிக்கவில்லை. காலையில் கோயில் மணி அடித்தபோது கில்டா அவர் மூக்கருகே கைவைத்துப் பார்த்துவிட்டுத் தம்பியைக் கூப்பிட்டாள்.

கண்ணாடி மூடிப் பெட்டியில் அப்பா முன்னறையில் படுத்திருந்தார். இழவு வீட்டில் தலை சீவக் கூடாது, வீடு பெருக்கக் கூடாது. முடி திருத்துகிறவர் வீட்டில் எல்லோரும் பறட்டைத் தலையோடு உலாவினார்கள். கண்ணீர்த்துளி கண்ணாடியில் விழுந்தால் போகிறவருக்குப் பாரம் என்று, கில்டா பெட்டிக்குக் கிட்டே போகும்போதெல்லாம் ஓர் அடி தள்ளியே நின்றாள். வாசல் பந்தலில் சீட்டாட்டம், காப்பி, பிஸ்கட். வாள் வாங்கிக்கொண்டவர்கள் எல்லோரும் வந்தார்கள். ஒவ்வொருவரும் அப்பா தங்களுக்குக் கொடுத்தது எதை, எப்படிப் பிடித்துக் கொடுத்தார் என்று சொன்னார்கள். ரோடெல் காப்பி ஊற்றிக்கொண்டே கேட்டான்.

"அக்கா, எனக்குக் குடுத்தாரா குடுக்கலயா?" என்று பின்கட்டில் கில்டாவிடம் கேட்டான். "பிடி என் கையில இருந்துச்சு. ஆனா அவரு விடல."

"தூங்கிட்டாருடா."

"அதான் கேக்கறேன்."

"எனக்கு எப்பிடித் தெரியும்? காப்பிக் கப்பெல்லாம் அலசிக் குடு, ஆளுங்க உக்காந்திருக்காங்க."

அட்டர்னி என்று எல்லோரும் அழைக்கும் நகரத்து வக்கீலும் வந்திருந்தார். நல்ல மனிதர்தான். விஷயம் எப்படியோ அவர் காதுக்கும் எட்டியிருந்தது. ரோடெலைத் தனியே அழைத்துத் தோளில் கைபோட்டார்.

"மனச விட்டுடாதீங்க. இதுக்கு வழி இருக்கு. வினிகர்ல துணிய நனைச்சு, கொய்யா இலையக் கசக்கிப் போட்டு, வாளச் சுத்தி வெச்சிருங்க. விடியறதுக்குள்ள கறுத்துரும். சந்தையில விக்கற பழைய வாள்ல பாதி அப்பிடிப் பொறந்ததுதான். யாருக்குத் தெரியப்போகுது?"

பிடியோங் காதில் விழுந்தும் விழாததுபோல் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரோடெலுக்கு அந்த யோசனை பிடித்துப்போயிற்று. மறுபடி கப்பலேறிப் போகும்போது, அலமாரிமேல் அந்த வெள்ளை வாள் தன்னைப் பார்த்துப் பல்லிளித்துக்கொண்டு கிடக்க வேண்டாம். கையில் கொடுக்காத வாள் வெறும் இரும்பு என்றால், வெறும் இரும்புக்குச் சாயம் பூசினால் என்ன?

அடக்கம் முடிந்ததும் சாவு பின்னாலேயே வந்துவிடாமல் இருக்க யாரும் நேரே வீடு திரும்பவில்லை. சந்தை முக்கில் நூடுல்ஸ் கடையில் உட்கார்ந்து, பசியில்லாமலே தின்றுவிட்டு வந்தார்கள். கில்டா முதல் வேலையாகத் துடைப்பத்தை எடுத்து வீட்டைப் பெருக்கினாள். பிறகு அடுப்பைப் பற்ற வைத்தாள். பிடியோங் கூடவே வந்து கொல்லைப் படியில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

ரோடெல் அடுக்களையிலிருந்து வினிகர் பாட்டிலையும், ஒரு பழைய துண்டையும், வேலியோரம் பறித்த கொய்யா இலைகளையும் கொண்டுவந்து பலகையில் வைத்தான். வாளை எடுத்து வந்தான்.

"பண்ணத்தான் போறியா?" என்றார் பிடியோங்.

"ஆமா மாமா."

"பண்ணு. உன் சாமான். நான் யாரு கேக்க."

ரோடெல் வாளை உருவினான். கடற்காற்று அடிக்கும் ஊர். உருவியதும் வாளின் நடுவில் துருச் சிவப்பு தெரிந்தது. பழக்கதோஷத்தில் கட்டைவிரல் அதைத் தேய்க்கப் போனது. அப்படியே நிறுத்திக்கொண்டான்.

நாலு விரல்கள். கொஞ்சம் சாய்வாக, ஒன்றுக்கொன்று இடம் விட்டு, வெள்ளை இரும்பின்மேல் காவி நிறத்தில் பதிந்திருந்தன. சுண்டுவிரல் பாதிதான் இருந்தது. கீழே உள்ளங்கையின் மேடு மங்கலாக. நடுவிரலில் ரேகைகூடத் தெரிந்தது. கத்தரிக்கோல் வளையம் காய்ப்பு ஏற்றிய இடத்தில் ரேகை இல்லாமல் ஒரு வழுக்கை.

"துரு ஏறிடுச்சா? அன்னிக்கே சொன்னேன் கைய எடுன்னு. உடனே தேய்ச்சு எடுத்துரு, இல்லைன்னா உள்ள தின்னுட்டு..." என்று சொல்லிக்கொண்டே பிடியோங் எழுந்து வந்தார். ரோடெலின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். சட்டைப் பையைத் தடவி, தான் எப்போதும் வைத்திருக்கும் சின்ன எண்ணெய்ச் சீசாவை எடுத்து மூடியைத் திறந்து நீட்டினார்.

ரோடெல் துண்டின் ஒரு மூலையை விரலில் சுற்றி எண்ணெயில் தொட்டான். பிடியிலிருந்து ஆரம்பித்து நெடுக்கவே தடவிக்கொண்டு போனான். விரல்கள் இருந்த இடம் வந்ததும் அழுத்தத்தைக் குறைத்து, ஒவ்வொரு விரலின் ஓரத்தையும் சுற்றிக்கொண்டு போனான். துருவை விட்டுவிட்டுப் போவது அவன் கைக்குப் பழக்கமில்லாத வேலை. அதனால் ரொம்ப நேரம் பிடித்தது.

"வினிகர எங்கடா வெச்ச?" என்று உள்ளேயிருந்து கில்டா கேட்டாள். "மீன் அடுப்புல இருக்கு."

"இங்க இருக்குக்கா. எடுத்துக்கோ."

அவள் வந்து பாட்டிலை எடுத்தாள். தம்பியின் மடியில் கிடந்ததைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு மூடியைத் திருகிக்கொண்டே உள்ளே போனாள். சட்டியில் வினிகர் விழுந்து சுரீரென்றது.